45 வருடத்து வீடு: சூடு குறையச் சீரமைத்தால் போட்ட பணம் திரும்புமா?

கிணற்றடி:

எல்லோருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அப்பா 1980இல் கட்டிய வீடு. கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், அதற்கு மேல் மொட்டைமாடி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, மரச்சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடி போட்ட பதினான்கு சன்னல்கள். அம்மாவுக்கு 74 வயது. மேல்தளத்தில் மேற்குப் பார்த்த அறையில்தான் படுப்பார். கீழே வந்து படுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. கோடையில் இரவு பத்து மணிக்குக்கூட சீலிங்கிலிருந்து அனல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கட்டிலில் ஏறி நின்று கையை மேலே நீட்டினால் உள்ளங்கை சுடுகிறது.

போன மழையில் அதே அறையின் மூலையில் ஓதம் இறங்கி, காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. ஆகவே மாடித் தளத்தை எப்படியும் பிரித்துத்தான் ஆக வேண்டும். அது முடிவான விஷயம்.

இரண்டு பேரைக் கூப்பிட்டு மதிப்பீடு வாங்கினேன். முதலாமவர் மாடியை மட்டும் பார்த்தார். பழைய தட்டோட்டைப் பெயர்த்து, விரிசலை அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சு போட்டு, புதுத் தட்டோடு பதித்தால் போதும் என்றார். இரண்டாமவர் வீடு முழுவதையும் சுற்றி வந்து ஒரு தொகுப்பாகக் கொடுத்தார்: மாடிக்கு இன்சுலேஷன் (வெப்பக்காப்பு), எல்லா வெளிச்சுவருக்கும் உள்பக்கமாக இன்சுலேஷன் பலகை, பதினான்கு சன்னலும் இரட்டைக் கண்ணாடி, மூன்று புது ஏசி. அதன் மொத்தச் செலவு, நாங்கள் போன வருடம் முழுக்கக் கட்டிய மின்கட்டணத்தைப்போல் 18 மடங்கு! மின்செலவு பாதியாகும், ஒன்பது வருடத்தில் போட்டது வந்துவிடும் என்கிறார்.

எனக்கு அந்தக் கணக்கு ஒட்டவில்லை. கட்டணம் பாதியானால் 36 வருடம் அல்லவா ஆகும்? அவர் கொடுத்த தாளைப் பார்த்தால், எங்கள் வீட்டின் "தற்போதைய பயன்பாடு" ஆண்டுக்கு 14,000 யூனிட் என்று இருக்கிறது. மீட்டர் சொல்வதோ 3,600. கேட்டதற்கு, "மென்பொருளில் வரும் கணக்கு அப்படித்தான் இருக்கும் சார்" என்றார்.

அவர் சொல்வதை மொத்தமாகத் தள்ளவும் மனம் வரவில்லை, நம்பிக் கையெழுத்துப் போடவும் முடியவில்லை. அம்மா அந்த அறையில் நிம்மதியாகத் தூங்க வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம். எதைச் செய்யலாம், எதை விடலாம்?


கம்பிவேலை:

நான் இருபது வருடமாக மின்வேலை செய்கிறேன். எதைத் தொடுவதற்கு முன்பும் வயரிங்கைப் பாருங்கள். 1980இல் இழுத்த கம்பி என்றால் மேலுறை காய்ந்து, மடக்கினால் உதிரும் நிலையில் இருக்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். அந்தக் கம்பியில் மூன்று ஏசியை மாட்டுவதற்கு நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

அப்புறம் விசிறிகள். பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பிஎல்டிசி விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் விசிறி ஒன்றை மாற்றினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 யூனிட் மிச்சம். உங்கள் 3,600இல் அது சின்னத் தொகை இல்லை. இதற்குச் சுவரை உடைக்க வேண்டியதும் இல்லை. குண்டு பல்பு எங்காவது மிச்சம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். 60 வாட் பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும்.


வெண்கூரை:

கிணற்றடி, உங்கள் வீட்டைப் பற்றிப் படிக்கும்போது என் வீட்டையே பார்ப்பதுபோல் இருந்தது. என்னுடையது இன்னும் ஏழு வருடம் மூத்தது. ஆறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து வருகிறேன். தொடங்கும் முன்பிருந்தே மீட்டர் அளவையும் சீலிங் சூட்டையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாள். 3,600 யூனிட் செலவழிக்கிற வீட்டில், 14,000இல் பாதியான 7,000 யூனிட் எப்படி மிச்சமாகும்? நீங்கள் ஓரறையில் இரவு மட்டும் ஏசி போடுகிறவர்களாக இருப்பீர்கள். அந்த மென்பொருள், வீடு முழுவதையும் நாள் முழுவதும் குளிர வைப்பதாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கும். இது உங்கள் ஊர்க்காரர் ஒருவர் செய்த தவறு என்று நினைக்காதீர்கள். 2012இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜெர்மனியில் 3,400 வீடுகளின் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள். வெப்பமூட்டுவதற்கு இவ்வளவு ஆற்றல் செலவாகும் என்று கணக்கு சொன்னதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவாகத்தான் அந்த வீட்டுக்காரர்கள் செலவழித்திருந்தார்கள். வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவு சிக்கனமாக மனிதர்கள் இருந்துவிடுகிறார்கள். ஒரே அறையில் ஒடுங்கிக்கொள்கிறார்கள், வேர்த்தாலும் குளிர்ந்தாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். செலவழிக்காத மின்சாரத்தை மிச்சம் பிடிக்க முடியாது. இன்சுலேஷன் விற்கிற யாரிடம் பேசினாலும் உங்கள் மீட்டர் அளவைக் கையில் கொடுத்து, அதிலிருந்து கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மாடியை எப்படியும் பிரிக்கப் போகிறீர்கள். பெயர்க்கிற கூலி, குப்பை அள்ளுகிற கூலி, நீர்த்தடுப்பு, புதுத் தட்டோடு எல்லாம் ஒழுகலுக்காகச் செய்தே தீர வேண்டிய செலவு. அதன் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகை (வெப்பத்தைத் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை) ஒரு வரிசை சேர்த்தால், நீங்கள் கணக்கில் வைக்க வேண்டியது அந்தப் பலகையையும் அதைப் பதிக்கிற ஒரு நாள் வேலையையும் மட்டும்தான். இதையே மூன்று வருடம் கழித்துச் செய்ய நினைத்தால் மறுபடி எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும், அப்போது கணக்கு ஒருநாளும் கட்டாது.

பெரிய கட்டடத்திலும் இதே வழிதான். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931இல் திறந்தது. 2009இல் அதன் ஆற்றல் சீரமைப்பை அறிவித்தபோது வேறு புதுப்பிப்பு வேலைகளும் கூடவே திட்டத்தில் இருந்தன. 6,514 சன்னல்களின் கண்ணாடியைக் கழற்றி, தூக்கிப் போடாமல், அந்தக் கட்டடத்துக்குள்ளேயே பட்டறை வைத்து, நடுவில் ஒரு படலமும் வாயுவும் சேர்த்துத் திரும்ப மாட்டினார்கள். சன்னல் வழியாக வரும் சூடு குறைந்ததும், குளிரூட்டும் இயந்திரங்களைப் பெரிதாக்குகிற செலவே தேவையில்லாமல் போயிற்று. ஆற்றல் செலவில் 38 சதவீதம் குறையும், கூடுதலாகப் போட்டது சுமார் மூன்று வருடத்தில் திரும்பும் என்று திட்டமிட்டார்கள். கூடுதலாகப் போட்டது என்ற சொல்லைக் கவனியுங்கள். முதலில் சூட்டைக் குறைத்துவிட்டு அப்புறம் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்த அந்த வரிசையையும் கவனியுங்கள். உங்கள் தொகுப்பில் மூன்று ஏசியும் இன்றைய சூட்டுக்கு அளந்தவை. மாடி வேலை முடிந்தபின் அளந்தால் சின்னதே போதும்.

ஏன் மாடிக்கு இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்றால், நடுப்பகலில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் வெயில் இறங்குகிறது. 90 சதுர மீட்டர் மாடியில் அது 90 கிலோவாட். கான்கிரீட் அதைக் குடித்துவிட்டு நான்கைந்து மணி நேரம் கழித்துக் கீழே விடுகிறது. அதனால்தான் வெளியே குளிர ஆரம்பித்த பிறகு உங்கள் அம்மா அறை கொதிக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் எக்ஸ்பிஎஸ் தடுக்கிற அளவு சூட்டைத் தடுக்க, வெறும் கான்கிரீட்டாக இருந்தால் இரண்டு மீட்டருக்கு மேல் கனம் வேண்டும். அந்த முதல் ஐந்து சென்டிமீட்டரே, கூரை வழியாக இறங்கும் சூட்டில் ஆறில் ஐந்து பங்கைத் தடுத்துவிடும். அதை இரட்டித்துப் பத்து சென்டிமீட்டர் ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கனமாகப் போட்டால் நல்லது என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

மேலே போடும் தட்டோடு வெள்ளையாக இருக்கட்டும். புது வெள்ளைப் பரப்பு வெயிலில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். ஆனால் தூசி படிந்தால் அது குறைந்துகொண்டே வரும், வருடத்துக்கு ஓரிரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். என் வீட்டில் அது என் மகளின் வேலை.

இனி நான் செய்த தவறு. முதல் வருடம், ஒழுகலைச் சரிசெய்யாமல் மேலே வெள்ளைப் பூச்சு மட்டும் அடித்தேன். வேலைக்கு வந்தவர் அதுவே நீரையும் தடுக்கும் என்றார், நம்பிவிட்டேன். பூச்சுக்குக் கீழே சிக்கிய ஈரம் மேலே போக வழியில்லாமல் கீழே இறங்கியது. எட்டாவது மாதம் நடு இரவில் ஒரு முறம் அகலத்துக்குக் காரை விழுந்தது. நல்லவேளை அறையில் யாரும் இல்லை. உங்கள் வீட்டில் கம்பியே வெளியே தெரிகிறது என்கிறீர்கள். முதலில் அந்தக் கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்பு அடித்து, கான்கிரீட்டைச் சரிசெய்து, வாட்டம் சரியாக இருக்கிறதா, தண்ணீர் ஊற்றினால் தேங்காமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சரி, எனக்கு என்ன கிடைத்தது? மாடி வேலைக்கு முந்தைய கோடையில் இரவு ஒன்பது மணிக்கு சீலிங் 40 டிகிரி. அடுத்த கோடையில் அதே நேரத்தில் 33. மின்செலவு 35 சதவீதம் குறையும் என்று நானே கணக்குப் போட்டிருந்தேன். நோட்டில் இருப்பது 22. மீதி எங்கே போயிற்று என்றால், வீடு குளிர்ந்ததும் பிள்ளைகள் படிக்கிற அறையிலும் ஏசி போட ஆரம்பித்தோம். நீராவி இயந்திரம் சிக்கனமானபின் நிலக்கரிச் செலவு கூடியதை 1865இலேயே ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் கவனித்து எழுதியிருக்கிறார். என் வீட்டில் கூடவில்லை, குறைந்தது பாதிவழியில் நின்றது. நான் அதை நஷ்டமாக எழுதவில்லை. பிள்ளைகள் வேர்க்காமல் படிக்கிறார்கள்.

இன்னொன்று. காற்றின் சூட்டை மட்டும் பார்த்தால் இந்த மாற்றம் முழுசாகத் தெரியாது. அறைக் காற்று இரண்டு டிகிரிதான் குறைந்தது. ஆனால் தலைக்கு மேல் 40 டிகிரியில் ஒரு பலகை இருந்தால் அது நேராக உடம்பின்மேல் அனல் வீசும். அது போனதும் 27 டிகிரியில் ஏசி வைத்து விசிறி போட்டாலே போர்வை தேடுகிறோம். முன்பு 22இல் வைத்தும் புழுக்கம் போகாது.


கிணற்றடி:

வெண்கூரை ஐயா, மிக்க நன்றி. இரண்டு முறை படித்தேன். ஆமாம், ஓரறை, இரவு மட்டும், அதுவும் மூன்று மாதம். ஊகம் சரிதான்.

இன்னும் இரண்டு சந்தேகம். சுவர்களையும் சன்னல்களையும் அப்படியே விட்டுவிடலாமா? அப்புறம், தம்பி ஒரேயடியாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம் என்கிறான். இத்தனை பழுது பார்ப்பதற்குப் புது வீடே மேல் என்பது அவன் கட்சி.


பனிமாதம்:

சுவரைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பட்டவள். நான் இருப்பது குளிர்ப் பகுதி. எங்களுக்கு வெளிச்சுவரும் சன்னலும்தான் பெரிய செலவு. ஒற்றைக் கண்ணாடியை நல்ல இரட்டைக் கண்ணாடியாக மாற்றினால் வெளியேறும் வெப்பம் பாதிக்கும் கீழே போகும். இங்கே அதற்கு அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் ஆறு மாதம் சன்னலைத் திறப்பதே இல்லை. உங்கள் வீட்டில் மாலையானால் சன்னலைத் திறந்து வைப்பீர்கள் அல்லவா? திறந்த சன்னலில் எத்தனை கண்ணாடி இருந்தால் என்ன? மேற்குச் சன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் கொடுங்கள். கண்ணாடிக்கு உள்ளே தொங்குகிற திரை, வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்த பிறகுதான் அதைத் தடுக்கிறது.

உள்சுவர்ப் பலகை மட்டும் அவசரப்பட்டு வேண்டாம். எங்கள் படுக்கையறையில் வடக்குச் சுவருக்கு உள்பக்கமாக நுரைப் பலகை அடித்து, மேலே ஜிப்சம் பலகை வைத்து அழகாகப் பூசிக் கொடுத்தார்கள். இரண்டு குளிர்காலம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது வருடம் அறைக்குள் நுழைந்தால் நனைந்த துணியை மூடிவைத்த வாடை. அலமாரியை நகர்த்தி, பலகையின் ஓர் ஆணியைப் பிடுங்கினேன். ஆணி கையிலேயே துருவாக உதிர்ந்தது. பலகையைப் பெயர்த்தால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை, தொட்டால் விரல் ஈரமாகிறது. அறைக் காற்று 20 டிகிரியும் ஈரப்பதம் 60 சதவீதமுமாக இருந்தால், 12 டிகிரியில் இருக்கிற எந்தப் பரப்பைத் தொட்டாலும் அது தண்ணீராகிவிடும். பலகை வைத்ததால் சுவருக்கு வீட்டின் சூடு போய்ச் சேரவில்லை. ஆனால் மூட்டு இடுக்கு வழியாக வீட்டின் ஈரக்காற்று மட்டும் போய்ச் சேர்ந்தது. மகனுக்கு அந்த வருடம் முழுவதும் இருமல். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

வெப்பமான இடத்தில் இது தலைகீழாக நடக்கும். வெளியே இருக்கிற ஈரக்காற்று, ஏசி போட்டுக் குளிர்ந்த சுவரைத் தேடி வரும். பழைய செங்கல் சுவர், அதுவும் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது என்றால், ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் வாயை இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பெயின்டாலும் பலகையாலும் அடைத்துவிடாதீர்கள்.

என்ன பொருள் வைக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், தீப்பிடிக்குமா என்றும் கேளுங்கள். லண்டனில் 1974இல் கட்டிய கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்புக்கு 2016இல்தான் சீரமைப்பு முடிந்தது. வெளிச்சுவரில் வெப்பக்காப்புப் பலகையும் அதன்மேல் அலுமினியத் தகடும் பொருத்தினார்கள். தகட்டின் நடுவில் இருந்தது பாலிஎத்திலீன் என்ற, எளிதில் எரியும் பிளாஸ்டிக். 2017 ஜூன் 14 அன்று ஒரு வீட்டில் பற்றிய தீ அந்தச் சுவர் வழியாக மேலேறியது. 72 பேர் இறந்தார்கள். வீடு சின்னதோ பெரியதோ, இந்தக் கேள்வியை விடாதீர்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு எங்காவது இருந்தால் அதை உடைக்கவும் அறுக்கவும் வேண்டாம், அதற்கென்று பழகியவர்களைக் கூப்பிடுங்கள்.


வாடகைவீடு:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்களைப்போல் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதில் எதுவுமே நடப்பதில்லை. கூரைக்குச் செலவழிக்க வேண்டியவர் வீட்டுக்காரர். மின்கட்டணம் கட்டுவது நான். குறைகிற கட்டணத்தால் அவருக்கு ஒன்றும் வரப்போவதில்லை என்பதால் மூன்று வருடமாகக் கேட்டும் அசையவில்லை. வெண்கூரை அவர்கள் சொன்ன துருப்பிடித்த கம்பியைக் காட்டிக் கேட்டுப் பார்க்கிறேன். சூடு தணிந்தால் கூரையின் ஆயுள் கூடும் என்று சொன்னால் அவர் காதில் ஏறலாம்.


வெண்கூரை:

வாடகைவீடு, நல்ல யோசனை. பகலில் விரிந்து இரவில் சுருங்கித்தான் கூரையில் விரிசலே விழுகிறது. அதைச் சொல்லுங்கள்.

கிணற்றடி, பனிமாதம் சொன்னதற்கு மேல் சுவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நானும் சுவரைத் தொடவில்லை. சன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினேன், மேற்கே மூங்கில் தட்டி வெளிப்பக்கம் கட்டினேன், அவ்வளவுதான்.

தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் சுவரிலும் கூரையிலும் இருக்கிற செங்கலையும் சிமெண்டையும் கம்பியையும் உருவாக்கச் சூளையிலும் உலையிலும் எரித்த எரிபொருள் 1980இலேயே எரிந்து முடிந்துவிட்டது. இடித்தால் அது வீணாவதோடு, அதே அளவை மறுபடி எரிக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை இதை ஆராய்ந்தது. 30 சதவீதம் சிக்கனமான புதுக் கட்டடமே என்றாலும், கட்டியதால் வந்த பருவநிலைப் பாதிப்பை அது ஈடுகட்ட, கட்டடத்தின் வகையைப் பொறுத்து 10 முதல் 80 வருடம் ஆகும் என்று கண்டார்கள். அஸ்திவாரம் இறங்கியிருந்தாலோ, கம்பி பல இடங்களில் அரித்துப்போயிருந்தாலோ இடிப்பது வேறு விஷயம். அதை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். ஓர் அறையின் ஓதத்துக்காக அப்பா கட்டிய வீட்டை இடிக்காதீர்கள்.


கிணற்றடி:

எல்லோருக்கும் பெரிய நன்றி. பொறியாளர் நேற்று வந்து பார்த்தார். சுத்தியலால் ஒவ்வொரு சதுர அடியாகத் தட்டிக் கேட்டு, வெற்றொலி வந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டார். மொத்தம் ஐந்து வட்டம், எல்லாம் அந்த மேற்கு மூலையிலேயே. மற்ற இடமெல்லாம் உறுதியாக இருக்கிறது என்றார். தம்பியும் கூட நின்று கேட்டான், அப்புறம் இடிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

முதலாமவரையே கூப்பிட்டு, நீர்த்தடுப்புக்கும் தட்டோட்டுக்கும் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் எக்ஸ்பிஎஸ் வைத்துத் தருவீர்களா என்று கேட்டேன். வைக்கலாம் என்றார். கூடுதலாக அவர் சொன்ன தொகை எங்கள் ஒன்றரை வருட மின்கட்டணம். சுவர்ப் பலகையும் இரட்டைக் கண்ணாடியும் வேண்டாம் என்று இரண்டாமவரிடம் சொல்லிவிட்டேன். ஏசியை மாடி முடிந்து ஒரு கோடை பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். வயரிங் அடுத்த வாரம், விசிறிகளும் அதோடு சேர்த்து.

ஐயா சொன்னபடி நோட்டுப் போட்டுவிட்டேன். நேற்று இரவு ஒன்பது மணி, அம்மா அறை: காற்று 34, சீலிங் 39.5. அளக்கிற கருவியின் சிவப்புப் புள்ளி சீலிங்கில் விழுவதை அம்மா படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். "உங்க அப்பா இருந்தா அன்னைக்கே குடத்துல தண்ணி எடுத்துட்டு மாடிக்குப் போயிருப்பாரு" என்றார். வேலை முடிந்ததும் அதே நேரத்து அளவை இங்கே பதிகிறேன்.